ரத்தக்குழாய் முதுமைக்கு ஃபிளவனாய்டு கேப்ஸ்யூல்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

"ரத்தக்குழாய்ச் செல்களின் முதுமையைத் தடுக்கும்" என்ற வாசகத்தோடு விற்கப்படும் ஃபிளவனாய்டு என்ற தாவரச் சத்துகளில் நான்கு வகை முக்கியமானவை: க்வெர்செட்டின், ஃபிசெட்டின், கோகோ ஃபிளவனால், திராட்சை விதைச் சாறு. டப்பாவில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதி நான்குக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னால் நிற்கும் சான்றோ ஒன்றுக்கொன்று வெகுதூரம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோகோ ஃபிளவனாலுக்குக் காசு கொடுக்கலாம். ரத்த அழுத்தம் சற்று ஏறியிருப்பவர்களுக்கு க்வெர்செட்டின் ஒரு சிறு துணை. ஃபிசெட்டினை இப்போதைக்கு விட்டுவிடலாம். திராட்சை விதைச் சாறு, கலப்படத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். "செல் முதுமை" என்ற அந்த வாசகத்தைத் தாங்கும் அளவுக்கு மனிதர்களிடம் கிடைத்த சான்று நான்கில் எதற்கும் இல்லை. கோகோவுக்கு நாங்கள் சரி சொல்வதற்குக் காரணம் வேறு.

அந்தக் காரணம் புரிய, லேபிள் குழப்பும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும் செல்களுக்கு எண்டோதீலியம் என்று பெயர். ரத்த ஓட்டம் உரசும்போது இவை நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரக்கின்றன. குழாயின் தசை தளர்ந்து விரிகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. வயது ஏற ஏற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவமான சூப்பர் ஆக்சைடு அதிகமாகி, சுரந்த நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடுகிறது. அதோடு, அந்த வாயுவைத் தயாரிக்கும் என்சைமே தடம் மாறி சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கத் தொடங்குகிறது. இது செல்லின் வேலை குறைவது. இதைத் திருப்ப முடியும்.

இன்னொன்று, உண்மையான செல் முதுமை. சேதம் மிகுந்த செல், பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிடும், ஆனால் சாகாது. பி16, பி21 என்ற புரதங்கள் அதில் ஏறியிருக்கும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8, ரத்த உறைகட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 ஆகியவற்றைச் சுற்றிலும் உமிழ்ந்துகொண்டே இருக்கும். பக்கத்து செல்களும் கெடும். இதைத் திருப்புவது கடினம் என்பதால் இப்படிப்பட்ட செல்களைக் கொன்று அகற்றும் மருந்துகளைத் தேடுகிறார்கள். அவற்றுக்குச் செனோலிட்டிக் என்று பெயர்.

முதல் விஷயத்தை மனிதரிடம் அளப்பது எளிது. கையில் ரத்த அழுத்தப் பட்டையை 5 நிமிடம் இறுக்கி, தளர்த்தியதும் கைத்தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். இரண்டாவதை அளக்கத் திசு வேண்டும். உயிரோடிருப்பவரின் தமனிச் சுவரை வெட்டிப் பார்க்க முடியாது. சில ஆய்வகங்களில் கைச் சிரைக்குள் மெல்லிய கம்பியை நுழைத்துச் சில செல்களைச் சுரண்டி எடுப்பதோடு சரி. ஆகவே "முதுமையைக் குறைத்தோம்" என்று சொல்லும் விளம்பரம் காட்டும் படம் பெரும்பாலும் முதல் வகை அளவீடாகவோ, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் படமாகவோ இருக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

கோகோ ஃபிளவனாலில் வேலை செய்யும் முக்கியப் பொருள் மைனஸ் எபிகேட்டச்சின் (மைனஸ் என்பது மூலக்கூறு வடிவத்தின் வகைக் குறி). தூய எபிகேட்டச்சினைத் தனியாகக் கொடுத்தாலே தமனி விரிவது கூடுகிறது என்று 2006இல் காட்டப்பட்டது. குடித்த சுமார் 2 மணி நேரத்தில் விளைவு உச்சத்துக்கு வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், தினமும் 200 மி.கி. கோகோ ஃபிளவனால் ரத்தக்குழாயின் விரியும் தன்மையைப் பேண உதவுகிறது என்ற வாசகத்தை ஏற்றது. அந்த ஆணையம் தன்னிடம் வரும் ஊட்டச்சத்து வாசகங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடுவது வழக்கம் என்பதால் இந்த ஒப்புதலுக்கு நாங்கள் மதிப்புக் கொடுக்கிறோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் கொடுத்தது இதைவிடத் தயக்கமான அனுமதி: குறைந்தது 4 சதவீதம் ஃபிளவனால் உள்ள கோகோ தூளுக்கு மட்டும், சான்று மிகவும் குறைவு என்ற குறிப்போடு.

பெரிய சோதனையும் இதற்குத்தான் உண்டு. காஸ்மாஸ் என்ற அமெரிக்கச் சோதனையில் 21,442 முதியவர்கள். தினமும் 500 மி.கி. கோகோ ஃபிளவனால், அதில் 80 மி.கி. எபிகேட்டச்சின். சராசரியாக மூன்றரை ஆண்டுக்கு மேல் கண்காணித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற எல்லா நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்த முதன்மை முடிவில் 10 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. இதய, ரத்தக்குழாய் நோய்களால் ஏற்படும் இறப்பு 27 சதவீதம் குறைந்தது. அது இரண்டாம் நிலை முடிவு. விளம்பரங்கள் இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துப் போடுகின்றன. கோகோ நிறுவனமான மார்ஸ் இந்தச் சோதனைக்கு உதவியது என்பதையும் வாங்குபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. முதன்மை முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

இங்கேதான் எங்கள் வாதத்தின் மையம் இருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஒரு வாரம் தினமும் ஃபிளவனால் மிகுந்த கோகோ கொடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தமனி விரியும் அளவு நாளுக்கு நாள் ஏறியது. கோகோவை நிறுத்திய ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. முதிர்ந்த செல்கள் உண்மையிலேயே ஒழிந்திருந்தால் நன்மை இவ்வளவு சீக்கிரம் மறையாது; புதிதாக முதிர்ந்த செல்கள் சேர வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும். ஆகவே கோகோ செய்வது, இருக்கும் செல்களை நன்றாக வேலை செய்ய வைப்பது. அதற்காக வாங்குங்கள், அது மதிப்புள்ள காரியம்தான். தினமும் எடுத்தால்தான் பயன் என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கோகோவில் ஏமாறும் இடம், பதப்படுத்தும் முறை. காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோ கருமையாகவும் கசப்புக் குறைவாகவும் இருக்கும். தண்ணீரில் நன்றாகக் கலக்கும். ஃபிளவனால் போய்விடும். 2008இல் வெளிவந்த ஓர் அளவீட்டின்படி, காரம் சேர்க்காத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மி.கி.; லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8, நடுத்தரமாகச் சேர்த்ததில் 7.8, அதிகம் சேர்த்ததில் 3.9. பாக்கெட்டின் உட்பொருள் பட்டியலில் அமிலத்தன்மைச் சீராக்கி என்றோ பொட்டாசியம் கார்பனேட் என்றோ இருந்தால் இந்த நோக்கத்துக்கு அது பயன்படாது. சாக்லேட்டில் "70 சதவீதம் கோகோ" என்று போட்டிருப்பதும் ஃபிளவனால் அளவைச் சொல்லாது. கோகோ வெண்ணெயும் அந்த 70இல் அடக்கம்.

கேப்ஸ்யூலாக வாங்கினால் மூன்று எண்களைத் தேடுங்கள். ஒரு நாள் அளவில் மொத்தக் கோகோ ஃபிளவனால் எத்தனை மி.கி., அதில் மைனஸ் எபிகேட்டச்சின் எத்தனை மி.கி., காட்மியம் எவ்வளவு. "கோகோ சாறு 1000 மி.கி." என்று மட்டும் எழுதியிருப்பதை வைத்துவிடுங்கள், சாற்றின் எடை ஃபிளவனாலின் எடை ஆகாது. எபிகேட்டச்சின் என்று தனியாகக் குறிப்பிட வேண்டியதற்கு வேதியியல் காரணம் உண்டு. சூட்டிலும் காரத்திலும் மைனஸ் எபிகேட்டச்சின் உருமாறி மைனஸ் கேட்டச்சின் ஆகிவிடுகிறது. சாதாரணச் சோதனையில் இரண்டும் "கேட்டச்சின்கள்" என்ற ஒரே கணக்கில் வரலாம். ஆனால் உருமாறியதை உடல் குறைவாகவே உறிஞ்சும். காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் கோகோ தூளில் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.60 மி.கி. பேட்ச் சான்றிதழில், அதாவது அந்தத் தயாரிப்புத் தொகுதியின் சோதனை அறிக்கையில், அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

எடுத்துக்கொள்வதில் ஒரு பொறி இருக்கிறது. வாழைப்பழத்தோடு சேர்த்து அரைத்துக் குடிக்காதீர்கள். வாழைப்பழத்தில் இருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற என்சைம், வெட்டிய பழத்தைக் கறுக்கவைப்பதும் அதுதான், ஃபிளவனாலை உடைத்துவிடுகிறது. 2023இல் வெளியான ஒரு சோதனையில் வாழைப்பழ ஸ்மூத்தியோடு எடுத்தவர்களின் ரத்தத்தில் ஃபிளவனால் அளவு, கேப்ஸ்யூலை மட்டும் எடுத்தவர்களைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த என்சைம் குறைவாக உள்ள பெர்ரி வகைகளோடு கலந்தபோது அப்படிக் குறையவில்லை.

க்வெர்செட்டினுக்கு வருவோம். செனோலிட்டிக் என்ற சொல்லைப் பிரபலமாக்கிய 2015 ஆய்வில், தசாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துச் சோதித்தது இதைத்தான். மனிதத் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்து வளர்த்த எண்டோதீலியச் செல்களில், முதிர்ந்தவற்றை க்வெர்செட்டின் கொன்றது. கேப்ஸ்யூல் விற்பவர்கள் மேற்கோள் காட்டும் "ரத்தக்குழாய்ச் சான்று" பெரும்பாலும் இங்கிருந்து தொடங்குகிறது. கணக்குப் பாருங்கள். தட்டில் ஊற்றும் அளவு 10 முதல் 20 மைக்ரோமோலார். அதாவது லிட்டருக்கு 3 முதல் 6 மி.கி. கட்டற்ற க்வெர்செட்டின். 500 மி.கி. கேப்ஸ்யூலை விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதில் குளுக்குரோனைடையும் சல்ஃபேட்டையும் ஒட்டிவிடுகின்றன. ரத்தத்தில் சுற்றுவது பெரும்பாலும் அந்த மாறிய வடிவம்; கட்டற்ற க்வெர்செட்டின் அந்த 3 மி.கி.க்குப் பல மடங்கு கீழே. தட்டில் நடந்தது குழாயில் நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

மனிதர்களிடம் முதிர்ந்த செல்கள் குறைந்ததாகக் காட்டிய 2019 ஆய்வு, சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்த 9 பேரிடம் நடந்தது. தசாட்டினிப் 100 மி.கி., க்வெர்செட்டின் 1000 மி.கி., 3 நாள் மட்டும். தோலிலும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பிலும் பார்த்தார்கள், தமனியில் அல்ல. க்வெர்செட்டினைத் தனியாகக் கொடுத்த குழுவும் அதில் இல்லை. இதைப் படித்துவிட்டு தசாட்டினிபைத் தேடிப் போகிறவர்கள் இருப்பதால் அழுத்திச் சொல்கிறோம்: அது தட்டணுக்களைக் குறைக்கும், ரத்தக் கசிவு உண்டாக்கும், நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாத மருந்து.

க்வெர்செட்டினுக்கு இருக்கும் உருப்படியான மனிதச் சான்று ரத்த அழுத்தத்தில். 2007இல், முதல் நிலை ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குத் தினம் 730 மி.கி. வீதம் 28 நாள் கொடுத்ததில் மேல் அழுத்தம் 7, கீழ் அழுத்தம் 5 புள்ளி இறங்கியது. எல்லையில் இருந்தவர்களுக்கு எதுவும் இறங்கவில்லை. ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்களும் மாறவில்லை என்பது கவனிக்க வேண்டியது. "ஆன்டிஆக்சிடன்ட் என்பதால் வேலை செய்கிறது" என்ற விளக்கம் இங்கே நிற்கவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2016 தொகுப்பில் சராசரி இறக்கம் 3 புள்ளி அளவே; அதுவும் நாளுக்கு 500 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. 100, 250 மி.கி. மாத்திரைகளை வாங்குவதில் அர்த்தமில்லை.

லேபிளில் "க்வெர்செட்டின் டைஹைட்ரேட் 500 மி.கி." என்றால் அதில் இரண்டு நீர் மூலக்கூறுகளின் எடையும் சேர்ந்திருக்கிறது. உண்மையான க்வெர்செட்டின் சுமார் 447 மி.கி. "ரூட்டின் 500 மி.கி." என்றால் அதில் சர்க்கரைப் பகுதி பாதி, க்வெர்செட்டின் 250 மி.கி.க்கும் சற்றுக் குறைவு. போதாததற்கு ரூட்டின் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிரிகளால் உடைந்த பிறகுதான் உறிஞ்சப்படும். குடல் அறுவை செய்துகொண்ட தன்னார்வலர்களிடம் 1995இல் அளந்தபோது, வெங்காயத்தில் இருக்கும் க்வெர்செட்டின் குளுக்கோசைடு 52 சதவீதமும், தூய க்வெர்செட்டின் 24 சதவீதமும், ரூட்டின் 17 சதவீதமும் உறிஞ்சப்பட்டன. விலை ஒன்றாக இருந்தாலும் ரூட்டின் பக்கம் போகாதீர்கள். லெசித்தினோடு பிணைத்த வடிவம் ரத்தத்தில் பல மடங்கு ஏறுகிறது. அதை எடுப்பவர்கள் சாதாரணத் தூளின் அளவை அப்படியே பின்பற்றக் கூடாது. சாதாரணத் தூள் தண்ணீரில் கரையாது. வெறும் வயிற்றில் எடுப்பதைவிடக் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் கூடுதலாக உள்ளே போகும். தூளின் நிறம் நல்ல மஞ்சள். கேப்ஸ்யூலைத் திறந்தால் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தால் நிரப்புப்பொருள் அதிகம்.

ஃபிசெட்டின் மேல் எழுந்த ஆர்வத்துக்கு 2018 ஆய்வு காரணம். பத்து ஃபிளவனாய்டுகளை ஒப்பிட்டதில் முதிர்ந்த செல்களைக் கொல்வதில் இது முதலிடம் பெற்றது. வயதான எலிகள் கூடுதலாக வாழ்ந்தன. பிறகு, அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் நடத்தப்படும் ஆயுள் சோதனைத் திட்டத்தில் இதே பொருளைக் கொடுத்தபோது ஆண் எலி, பெண் எலி இரண்டிலும் ஆயுள் குறிப்பிடும்படி நீளவில்லை. அந்தத் திட்டம் கண்டிப்புக்குப் பெயர்போனது. அதில் தேறாத பொருளுக்கு "ஆயுள் நீட்டிக்கும்" என்று எழுதி விற்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

அளவும் பொருந்தவில்லை. மனிதச் சோதனைகளில் கொடுக்கும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி., தொடர்ந்து 2 நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 1200 மி.கி. கடையில் கிடைக்கும் 100 மி.கி. கேப்ஸ்யூலைத் தினமும் ஒன்று எடுப்பது அந்தச் சோதனையின் அளவும் இல்லை, முறையும் இல்லை. "ஸ்ட்ராபெரியில் இருக்கிறது" என்ற வாசகமும் உதவாது. ஃபிசெட்டின் அதிகம் உள்ள பழம் அதுதான் என்றாலும் கிராமுக்கு 160 மைக்ரோகிராம் அளவே, 1200 மி.கி.க்கு ஏழரைக் கிலோ பழம் வேண்டும்.

இதில் பலரும் பேசாத கவலை ஒன்று உண்டு. முதிர்ந்த செல்லைக் கொல்வது எல்லா இடத்திலும் நல்லதா? 2020இல் வெளிவந்த எலி ஆய்வில், பி16 மிகுந்த செல்களை மரபுவழியில் அகற்றியபோது, கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரில் இருந்த எண்டோதீலியச் செல்களும் போயின. அந்த இடத்தைப் புதுச் செல்கள் நிரப்பவில்லை. தழும்புத் திசு வளர்ந்து எலிகளின் ஆரோக்கியம் கெட்டது. முதிர்ந்த செல்லும் சுவரில் ஓர் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஃபிசெட்டின் கேப்ஸ்யூல் இப்படிச் செய்யும் என்று இதை வைத்துச் சொல்ல வரவில்லை. ரத்தக்குழாய்க்காகவே செனோலிட்டிக் வாங்குபவர் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

திராட்சை விதைச் சாறு பற்றிச் சுருக்கமாக. புரோசயனிடின் சி1 என்ற கூறு முதிர்ந்த செல்களைக் கொல்வதாக 2021இல் எலிகளில் காட்டப்பட்டது. கடைச் சாற்றில் "95 சதவீதம் புரோஆந்தோசயனிடின்" என்று, சி1 அடங்கிய குடும்பத்தின் மொத்த அளவு இருக்கும். சி1 எவ்வளவு என்று இருக்காது. அது மூன்று அலகு கொண்ட பெரிய மூலக்கூறு, வாய்வழி போனால் முழுதாக உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. அந்த 95ஐயும் பெரும்பாலும் நிறமானிச் சோதனையில் அளக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு நிலக்கடலைத் தோல் சாறும் ஒன்றுதான், திராட்சை விதையும் ஒன்றுதான். விலை குறைவான நிலக்கடலைத் தோலைக் கலப்பது தெரிந்த மோசடி. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகவும் முடியலாம். சான்றிதழில், கூறுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஹெச்பிஎல்சி முறையில் எடுத்த வரைபடமும், நிலக்கடலைத் தோலில் காணப்படும் ஏ வகைப் புரோசயனிடின் இல்லை என்ற குறிப்பும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எந்த வகையானாலும் பேட்ச் சான்றிதழைக் கேளுங்கள். டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனை முறை "யூவி" (புற ஊதா ஒளியால் அளப்பது) என்று மட்டும் இருந்தால் அது மொத்த ஃபிளவனாய்டு கணக்கு. எந்தப் பொருள் என்று சொல்லாது. ஈயம், காட்மியம், கரைப்பான் எச்சம் மூன்றும் எண்ணாக இருக்க வேண்டும். "தேர்ச்சி" என்ற ஒரு சொல் போதாது. பல ஃபிளவனாய்டுகளைச் சேர்த்து "சிறப்புக் கலவை 800 மி.கி." என்று போட்டு, தனித்தனி அளவைச் சொல்லாத பொருள்களை முழுவதுமாகத் தவிர்க்கலாம். அத்தகைய கலவையில் பச்சைத் தேயிலைச் சாறும் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்தத் தேயிலையின் முக்கியக் கேட்டச்சினான ஈஜிசிஜியை நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் சாறாக எடுத்தவர்களிடம் கல்லீரல் என்சைம்கள் ஏறியதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது.

ரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், உறுப்பு மாற்றத்துக்குப் பின் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் க்வெர்செட்டினை மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். மருந்துகளைக் கையாளும் என்சைம்களிலும் கடத்திகளிலும் அது குறுக்கிடும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இவற்றுக்கு மாறுவது கூடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு அதிக அளவில் பாதுகாப்பு நிறுவப்படவில்லை. இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் கோகோவையும் தேயிலைச் சாற்றையும் இரும்பு மாத்திரையிலிருந்து ஓரிரு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பயன் இருக்கிறதா என்று பார்க்க, வீட்டில் உள்ள மேல்கைப் பட்டைக் கருவியே போதும். தொடங்குமுன் 7 நாள், காலையிலும் மாலையிலும், 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து எழுதுங்கள். முதல் நாள் எண்களைக் கழித்துவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். க்வெர்செட்டின் 500 மி.கி. அல்லது கோகோ ஃபிளவனால் 500 மி.கி., இரண்டில் ஒன்றை மட்டும், தினமும் ஒரே நேரத்தில் 6 வாரம் எடுத்து, கடைசி வாரம் அதே முறையில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இடையில் உப்பு, நடைப்பயிற்சி, மாத்திரை எதையும் மாற்றினால் கணக்கு கெடும். மணிக்கட்டுக் கருவிகள் காட்டும் "ரத்தக்குழாய் வயது" நாடித் துடிப்பின் வடிவத்திலிருந்து கணித்த மதிப்பீடு. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 6 வாரத்தில் மேல் அழுத்தச் சராசரி 3 புள்ளி கூட இறங்காவிட்டால் க்வெர்செட்டினை நிறுத்திவிடலாம். கோகோவுக்கு இந்த அளவுகோல் முழுதாகப் பொருந்தாது, ஏனெனில் தமனி விரிவதில் வரும் முன்னேற்றம் அழுத்த எண்ணில் தெரியாமலும் போகலாம்.

திறந்த டப்பாவை ஈரமில்லாத, வெளிச்சம் படாத இடத்தில் மூடி வையுங்கள். கேப்ஸ்யூலைத் திறந்து தூளைக் காரத்தன்மையுள்ள தண்ணீரிலோ சோடா உப்பு கலந்த எதிலுமோ கலக்க வேண்டாம். கேட்டச்சின் வகைகள் அமிலத்தில் நிற்கும். காரத்தில் விரைவாகச் சிதைந்து பழுப்பாகிவிடும்.